அறிவியல் புனைவுத் தொடர்களின் துணை நடிகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசம் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் கும்பகோணத்திலிருந்தும் அய்யம்பேட்டையிலிருந்தும் கல்லூரி மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். பழைய அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றில் ஓர் எபிசோடைச் சேர்ந்து பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாடு வரை பேசிக்கொண்டிருப்போம். அந்தப் பேச்சு பெரும்பாலும் கதாநாயகனைப் பற்றி இருக்காது. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வந்து போன முகம் யாருடையது என்றே கேட்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

துணை நடிகர், விருந்தினர் நடிகர், கௌரவ நடிகர்: இவர்கள் மூவரும் ஒருவர்தானா?

இல்லை. நம் ஊர்ச் சொல்வழக்கு இதில் சிறிது குழப்பம் தருகிறது. கோடம்பாக்கத்தில் 'துணை நடிகர்' என்றால் பெரும்பாலும் கூட்டத்தில் நிற்பவரையே குறிப்பார்கள். கதையில் கனமான இடம் வகிப்பவரைக் 'குணச்சித்திர நடிகர்' என்பார்கள். பெரிய நட்சத்திரம் ஒருவர் இரண்டு நிமிடம் வந்து போனால் அதைக் 'கௌரவத் தோற்றம்' என்பார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏற்பாடு வேறு. சீசன் முழுவதற்கும் ஒப்பந்தமானவர்கள் முதன்மை நடிகர்கள். அவ்வப்போது அதே பாத்திரத்தில் திரும்பி வருபவர்கள் அடுத்த நிலையினர். ஓர் எபிசோடின் கதையையே தோளில் சுமக்க வந்து, அதோடு விடைபெறுபவர் விருந்தினர் நடிகர். அவருக்குக் கீழே ஓரிரு வசனம் பேசுபவர்களும், வசனமே இல்லாமல் பின்னால் நடமாடுபவர்களும் உண்டு. இந்தப் பக்கத்தில் 'துணை நடிகர்' என்ற சொல்லை, முதன்மை நடிகர் அல்லாத எல்லோரையும் சேர்த்துக் குறிக்கப் பயன்படுத்துகிறேன்.

நாடகக் கம்பெனிகளை அறிந்த நம் பெரியவர்களுக்கு இந்தப் படிநிலை புதிதன்று. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று அவர்களும் பிரித்தே பேசினார்கள். தொலைக்காட்சியில் இந்தப் பிரிவு பெயர்ப் பட்டியலில் ஒருவரது பெயர் எங்கே, எந்த அளவில் வருகிறது என்பதில் தெரியும். விண்கலம் ஒன்றின் பயணங்களைச் சொல்லும் அமெரிக்கத் தொடர் 'ஸ்டார் ட்ரெக்'. அந்தக் கப்பலின் மருத்துவராக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லியின் பெயர் முதல் சீசனில் தொடக்கப் பட்டியலில் இல்லை. இரண்டாம் சீசனில்தான் அங்கே ஏறியது. டயானா முல்டார் 1988 முதல் ஒரு சீசன் முழுவதும், அதன் வழிவந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் கப்பலின் மருத்துவராக வந்தபோதும், அவருடைய பெயர் தொடக்கப் பட்டியலில் சேராமல் 'சிறப்புத் தோற்றம்' என்றே ஒவ்வொரு வாரமும் போடப்பட்டது.

எல்லாத் தொடர்களிலும்தான் துணை நடிகர்கள் இருக்கிறார்கள். அறிவியல் புனைவில் மட்டும் அவர்களுக்கு என்ன தனிச் சிறப்பு?

குடும்பத் தொடர் ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரர் நுழைந்தால், அவர் யார், எப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறார், எதற்குக் கோபப்படுவார் என்பதில் பாதி நமக்கு முன்பே தெரியும். அந்தப் பாதியை நம் வாழ்க்கையே நடிகருக்குக் கொடுத்துவிடுகிறது. வேற்றுக் கோளிலிருந்து வரும் தூதருக்கு அந்த உதவி கிடையாது. அவருடைய ஊர் எது, அங்கே மரியாதை எப்படிச் செய்வார்கள், துக்கத்தை வெளியே காட்டுவார்களா, அடக்குவார்களா என்பதையெல்லாம் அவரே தம் நடையிலும் பார்வையிலும் கொண்டுவந்தாக வேண்டும். அதையும் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் செய்து முடிக்க வேண்டும்.

கதாநாயகன் நமக்குத் தெரிந்த மனிதன். அவன் எந்தக் கோளில் இறங்கினாலும் நம் பிரதிநிதியாகத்தான் இறங்குகிறான். அவன் காலடியில் இருப்பது அட்டையும் சாயமும் பூசிய மேடையா, உண்மையான வேற்றுலகமா என்பதைத் தீர்மானிப்பவர் அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பதாக வரும் விருந்தினர். அவர் தம் உலகத்தை நம்பினால் நாமும் நம்புகிறோம். அவர் கண்ணில் சிறு கேலி தெரிந்தாலும் முழு எபிசோடும் குலைந்துவிடும். 1960களின் தொடர்களில் பாறை அட்டைப் பாறை என்பதும், வானம் துணியில் தீட்டிய வானம் என்பதும் இன்று பளிச்சென்று தெரிகின்றன. இருந்தும் சில எபிசோடுகள் இன்றைக்கும் நெஞ்சைப் பிடிக்கின்றன என்றால், அந்த அட்டைப் பாறையின் மேல் உட்கார்ந்து ஒருவர் உண்மையாக அழுதிருக்கிறார் என்பதே காரணம்.

மார்க் லெனார்ட் இதற்கு நல்ல சான்று. 1966இல் 'ஸ்டார் ட்ரெக்'கில் முதன்முறையாக ரோமுலன் இனத்தவரைக் காட்டியபோது, அந்த எதிரிக் கப்பலின் தளபதியாக அவர் நடித்தார். போரில் சலித்துப்போன, கடமையை விட்டு விலக முடியாத முதிய வீரனின் களைப்பை அவர் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்தார். அந்த இனத்தைப் பற்றி அதற்கு முன் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அவர் தோளைத் தளர்த்தி நின்ற விதத்தில் அவர்களுக்கு நெடிய வரலாறு இருப்பதை உணர முடிந்தது. அடுத்த ஆண்டே, கப்பலின் வல்கன் இன அதிகாரியான ஸ்பாக்கின் தந்தை சாரெக்காக அவர் திரும்ப வந்தார். தந்தைக்கும் மகனுக்கும் பல ஆண்டுகளாகப் பேச்சில்லை என்பதை வசனம் விளக்குவதற்கு முன்பே, மகனைப் பாராமல் கடந்துபோகும் ஒரு நடையில் அவர் காட்டிவிட்டார்.

முகம் முழுவதும் ரப்பர் ஒட்டிய பிறகு நடிப்பு என்று என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நான் மெலட்டூருக்குப் போக வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் மெலட்டூர், சாலியமங்கலம் முதலிய ஊர்களில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நாடகம் நடக்கிறது. மெலட்டூரில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே, இரவு முழுவதும் ஆடுவார்கள். முதலில் கோணங்கி வருவான். பிறகு பிள்ளையார் முகமூடி அணிந்த சிறுவன் வருவான். கட்டியக்காரன் அறிவித்த பின்பே இரணியன் நுழைவான். 'பிரகலாத சரித்திர'த்தில் நரசிம்மராக வருபவர் விடியற்காலை நெருங்கும் நேரத்தில்தான் மேடை ஏறுகிறார். அவர் அன்று விரதமிருப்பார். அவர் அணியும் முகமூடி பூஜையில் இருப்பது. முன்னிரவிலிருந்து ஆடிப் பாடும் இரணியனையும் லீலாவதியையும் ஒப்பிட்டால் அவர் மேடையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஆனால் ஊரே விழித்திருப்பது அவருக்காக. முகம் அசையாத அந்த முகமூடிக்குப் பின்னாலிருந்து கழுத்தின் திருப்பமும் மூச்சின் ஏற்ற இறக்கமும் நம்மை நடுங்க வைப்பதைச் சிறு வயதில் தாத்தாவின் மடியிலிருந்து பார்த்தவன் நான். முகம் மறைந்தால் நடிப்பு மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விடியற்காலைதான் நினைவுக்கு வருகிறது.

தொலைக்காட்சி ஒப்பனையில் முகமூடியைப் போல முழுவதும் அசையாத நிலை இல்லை. நுரை ரப்பரில் செய்த துண்டுகளைத் தோலோடு ஒட்டி, விளிம்பைக் கரைத்து, நிறம் தீட்டுவார்கள். இதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆவது சாதாரணம். 1987 முதல் 2005 வரை 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களின் ஒப்பனையை மைக்கேல் வெஸ்ட்மோர் நடத்தினார். ஒப்பனைக்குள் இருப்பவருக்குக் கண், குரல், கழுத்து, கை ஆகியவை மிஞ்சுகின்றன. நல்ல நடிகர் அவற்றைக் கொண்டே வாழ்ந்துவிடுகிறார். 'ஸ்டார் ட்ரெக்'கில் வரும் கிளிங்கான் இனத்தின் தலைவன் கவ்ரானாக வந்த ராபர்ட் ஓ'ரெய்லியை இன்றும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது விரித்து உருட்டிய அந்தக் கண்களுக்காகத்தான். 'பேபிலோன் 5' தொடரில் ஜகாராக நடித்த ஆண்ட்ரியாஸ் கட்சூலஸ் முகம் முழுக்கப் புள்ளி போட்ட ஊர்வன இனத்தோலோடு, சிவப்பு வில்லைகள் மாட்டிய கண்களோடு, பழிவெறி கொண்ட தூதன் ஒருவனை ஐந்து ஆண்டுகளில் ஞானியாக மாற்றிக் காட்டினார். குரல் ஒன்றே அந்த மாற்றத்தின் பாதியைச் சுமந்தது.

பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில் எதிரிகளாக வரும் டாலெக்குகள் இன்னும் ஒரு படி அப்பால் நிற்பவை. உருளை வடிவக் கூட்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து அதை நகர்த்துவார். குரலை வேறொருவர் கொடுப்பார், அதுவும் மின்கருவி வழியாக மாற்றப்பட்டு வரும். ஜான் ஸ்காட் மார்ட்டின் பல்லாண்டுகள் கூட்டுக்குள் இருந்தவர். 2005 முதல் குரல் கொடுப்பவர் நிக்கோலஸ் பிரிக்ஸ். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் பொம்மையை ஆட்டுபவர் ஒருவராகவும் பின்பாட்டுப் பாடுபவர் வேறொருவராகவும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதே தொடரில் 2007இல் வந்த, கண்ணிமைத்தால் நகரும் கற்சிலைகளைப் பற்றிய எபிசோடில் அந்தச் சிலைகள் சிலைகளே அல்ல. ஒப்பனை பூசி அசையாமல் நின்ற நடிகைகள். அசையாமல் நிற்பதையும் நடிப்பு என்றே நான் கணக்கிடுகிறேன்.

ஒரே நடிகர் வெவ்வேறு பாத்திரங்களில் திரும்பத் திரும்ப வருவது ஏன்? பார்ப்பவர்களுக்குத் தெரியாதா?

ஒப்பனையைத் தாங்கும் பொறுமையும், தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்த வசனத்தைத் தடுமாறாமல் பேசும் நாவும், புது உலகத்தை ஒரே வாரத்தில் உள்வாங்கும் திறமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிது. அப்படி ஒருவர் கிடைத்தால் தயாரிப்பாளர்கள் விடுவதில்லை. ஒப்பனை மாறும்போது ஆளும் மாறிவிடுவதால் பார்ப்பவரில் பலருக்குத் தெரிவதும் இல்லை.

ஜெஃப்ரி கோம்ப்ஸ் 'ஸ்டார் ட்ரெக்' வரிசையைச் சேர்ந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வெயூன் என்ற நயவஞ்சகத் தூதனாகவும், பிரண்ட் என்ற கணக்குப் பார்க்கும் அதிகாரியாகவும் மாறி மாறி வந்தார். 1999இல் ஓர் எபிசோடில் இருவருமே இருக்கிறார்கள். பிறகு அதே வரிசையின் 'என்டர்பிரைஸ்' தொடரில் நீலத்தோலும் தலையில் உணர்கொம்பும் கொண்ட ஷ்ரானாக வந்தார். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒப்பனையைக் கழித்த பின்னும் மூன்று வேறு மனிதர்கள் மிஞ்சுவதைக் காணலாம். வெயூனின் புன்னகை வாயில் மட்டும் இருக்கும். ஷ்ரானின் கோபத்துக்கு அடியில் நட்புக்கு ஏங்கும் மனம் தெரியும். வான் ஆர்ம்ஸ்ட்ராங் அதே வரிசைத் தொடர்களில் பத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்களில் நடித்திருக்கிறார். மேலே சொன்ன மார்க் லெனார்ட் 1979 திரைப்படத்தில் கிளிங்கான் கப்பலின் தலைவனாகவும் வந்து, ரோமுலன், வல்கன், கிளிங்கான் என்று மூன்று இனங்களிலும் வேடமிட்டார்.

ஒரு நாள் வேலைக்கு வந்து, தொடரிலேயே நிலைத்தவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1993இல் 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' முதல் எபிசோடில் ஒரு மனிதர் அலுவலக அறையில் அலமாரியோரம் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பார். வசனம் கிடையாது. பெயரும் கிடையாது. நடித்தவர் வில்லியம் பி. டேவிஸ், வான்கூவரில் நடிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த மௌனத்தில் ஏதோ இருந்தது; எழுத்தாளர்கள் மறுபடி அழைத்தார்கள், பிறகு மறுபடியும் அழைத்தார்கள், கடைசியில் தொடரின் சதி முழுவதற்கும் அவரே மையமானார். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987இல் தொடங்கியபோது கால்ம் மீனி கப்பலைச் செலுத்தும் பெயரற்ற அலுவலராக ஓரிரு வரி பேசினார். பின்னர் அவருக்கு ஓ'பிரையன் என்ற பெயர் கிடைத்தது. மனைவி, குழந்தை, போர் நினைவுகள் கிடைத்தன. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் முதன்மை நடிகராகவும் ஆனார். அதே தொடரில் ஆண்ட்ரூ ராபின்சன் 1993இல் விண்வெளி நிலையத்தின் தையற்காரர் கராக்காக வந்தார். தாம் சாதாரணத் தையற்காரர் என்று புன்னகையோடு சொல்லிக்கொள்ளும் அந்த முன்னாள் ஒற்றன் ஏழு சீசன்களிலும் தொடர்ந்து வந்தார். தொடக்கப் பட்டியலில் அவர் பெயர் ஒருபோதும் ஏறவில்லை. ஆனால் அந்தத் தொடரைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கராக் வந்துவிடுவார்.

'டாக்டர் ஹூ' இந்த வகையில் ஒரு சுரங்கம். அதன் நாயகரான டாக்டர் சாகும் தறுவாயில் புது முகத்தோடு உருமாறுபவர் என்பதால், அவ்வப்போது வேறு நடிகர் அந்த வேடத்தை ஏற்பார். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர் என்பதால் வாய்ப்பும் அதிகம். நிக்கோலஸ் கோர்ட்னி 1965இல் ஒரு பாத்திரத்தில் வந்து இறந்துபோனார். 1968இல் வேறொரு சிறு பாத்திரத்துக்கு அழைக்கப்பட்டார். லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட் என்ற படைத்தலைவராக நடிக்கவிருந்தவர் விலகிக்கொண்டதால் அந்த இடம் இவருக்கு வந்தது. அதிலேயே பல்லாண்டுகள் வாழ்ந்தார். பீட்டர் கபால்டி 2008இல் பண்டைய ரோமானிய நகரமான பொம்பெய்யின் வணிகராக ஓர் எபிசோடில் நடித்து, 2013இல் டாக்டராகவே திரும்பினார். அதே எபிசோடில் குறி சொல்லும் பெண்ணாக முகம் முழுக்கச் சாயம் பூசி வந்த கேரன் கில்லன் 2010இல் டாக்டரின் தோழியாக வந்தார். டாக்டருக்கு ஏன் அந்த வணிகரின் முகம் வாய்த்தது என்பதற்கும் 2015இல் தொடர் ஒரு காரணம் சொன்னது. தான் காப்பாற்றிய ஒரு மனிதனின் முகத்தை, காப்பாற்ற வேண்டும் என்பதை மறவாதிருக்கவே தான் சூடிக்கொண்டதாக டாக்டர் உணர்கிறார். ஒரு துணை நடிகரின் பழைய வேடத்தையே கதைக்கு உயிராக்கிய இந்த இடத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெர்னார்ட் கிரிபின்ஸ் 2007 கிறிஸ்துமஸ் எபிசோடில் செய்தித்தாள் விற்பவராகச் சில நிமிடங்கள் மட்டுமே வந்தார். டோனா என்ற பாத்திரத்தின் தந்தையாக நடித்துக்கொண்டிருந்த நடிகர் காலமானதால், கிரிபின்ஸின் பாத்திரத்தை டோனாவின் தாத்தாவாக மாற்றி அந்தக் காட்சிகளை மறுபடியும் எடுத்தார்கள். குன்றின் மேல் தொலைநோக்கியோடு உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் அந்த முதியவர் வரும்போதெல்லாம், எங்கள் வீட்டுக்கு வரும் மாணவர்களில் யாராவது ஒருவர் தம் தாத்தாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

'சிவப்புச் சட்டை' என்று கேலியாகச் சொல்கிறார்களே, அது என்ன?

1966 முதல் 1969 வரை வந்த முதல் 'ஸ்டார் ட்ரெக்'கில் காவல், பொறியியல் பிரிவினர் சிவப்புச் சட்டை அணிந்தார்கள். ஆபத்தான கோளில் இறங்கும் குழுவில், முன்பின் பார்த்திராத சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருந்தால் அவர் உயிரோடு திரும்பமாட்டார் என்பது ரசிகர்களிடையே வழக்குச் சொல்லாகிவிட்டது. எனக்கு இந்தச் சொல்லில் உடன்பாடில்லை. எடி பாஸ்கி என்பவர் அந்தத் தொடரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளில் கப்பலின் மேல்தளத்திலும் நடைவழியிலும் நிற்கிறார். பெரும்பாலானவற்றில் பெயர்கூடப் போடவில்லை. ஓர் எபிசோடில் இறந்ததாகக் காட்டப்பட்டும் பின்னர் வந்து நிற்கிறார். அவர் கையை வைத்து ஒரு கருவியை இயக்கும் விதம், தலைவர் நுழையும்போது முதுகை நிமிர்த்தும் விதம் ஆகியவற்றால்தான் அது நானூறு பேர் வேலை செய்யும் கப்பல் என்ற எண்ணம் நமக்கு வருகிறது. அவரைக் கேலிப்பொருளாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு விருந்தினர் நடிகருக்குத் தயாராக எவ்வளவு நேரம் கிடைக்கும்?

மிகக் குறைவு. முதல் 'ஸ்டார் ட்ரெக்'கில் ஓர் எபிசோடை ஏறக்குறைய ஆறு நாளில் படமாக்கினார்கள். பின்வந்த தொடர்களில் ஏழெட்டு நாள். மற்றவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த குடும்பமாக இருக்கும் இடத்தில், விருந்தினர் மட்டும் திங்கட்கிழமை காலை புதிதாக நுழைகிறார்.

1992இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் வந்த இரண்டு பாக எபிசோடு ஒன்றில், கப்பல் தலைவர் பிக்கார்டைச் சித்திரவதை செய்யும் கார்டாஸியன் என்ற எதிரி இனத்து அதிகாரியாக டேவிட் வார்னர் நடித்தார். மூன்று நாள் அவகாசத்தில் ஏற்ற வேடம். வசனங்களை அட்டைகளில் எழுதி வைத்துப் பேசினார். ஓர் அறை, இரண்டு பேர், நான்கு விளக்குகள். அந்த அதிகாரி தம் சிறு மகளிடம் அன்பாகப் பேசிவிட்டு, அடுத்த கணமே கைதியிடம் திரும்பும் காட்சி இருக்கிறது. குரல் மாறவே மாறாது. கொடுமையைக் காட்ட உறுமத் தேவையில்லை என்பதை அங்கே கற்கலாம். வில்லன் வேடத்துக்கு ஆசைப்படும் இளைஞர்களை அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

மொழி புரியாமல் பார்ப்பது வீண் அல்லவா?

மெலட்டூர் நாடகம் தெலுங்கில் நடக்கிறது. எங்கள் ஊரிலிருந்து போய்ப் பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கு தெரியாது. லீலாவதி மகனுக்காகக் கெஞ்சும் இடத்தில் அழாதவர்களை நான் கண்டதில்லை. அந்த லீலாவதி வேடம் கட்டுபவர் ஓர் ஆண் என்பதையும் அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை.

இதே அனுபவத்தைக் கதையாகவே எடுத்த எபிசோடு ஒன்று 1991இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் வந்தது. அதன் பெயர் 'டார்மோக்'. அதில் வரும் இனத்தார் தங்கள் பழங்கதைகளிலிருந்து ஆட்பெயர்களையும் இடப்பெயர்களையும் மட்டும் சொல்லியே பேசுவார்கள். சொற்கள் விளங்கும், பொருள் விளங்காது. 'கர்ணன், களத்தில், தேர்ச்சக்கரம்' என்று ஒருவர் நம்மிடம் சொன்னால் அந்தத் துயரம் நமக்கு உடனே புரியும்; கதை தெரியாத அயலாருக்கு அவை வெறும் மூன்று சொற்கள். அந்த நிலைதான் அங்கே. அவ்வினத் தலைவன் டேத்தனாக நடித்தவர் பால் வின்ஃபீல்ட். தலை முழுவதும் ஒப்பனை. பேசுவதற்குப் பொருள் தரும் வாக்கியம் ஒன்றும் இல்லை. இவற்றோடு அவர் ஒரு பிடிவாதத்தையும், நட்புக்கான அழைப்பையும், கடைசியில் காயத்தோடு கிடந்து கதை கேட்கும் மனிதனின் நிறைவையும் நமக்குக் கடத்துகிறார். ஆங்கிலம் சரளமாக வராத மாணவர் ஒருவர் அன்று இதை மற்ற எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டார். ஆகவே தமிழ் ஒலிச்சேர்க்கையோ தமிழ் எழுத்தோ கிடைத்தால் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டாலும் தயங்க வேண்டாம். ஒலிச்சேர்க்கையில் துணை நடிகரின் சொந்தக் குரல் போய்விடுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்து, ஒருமுறை மூலக் குரலிலும் பாருங்கள்.

விருதுகள் இவர்களைக் கண்டுகொள்கின்றனவா?

சில நேரம். அமெரிக்காவின் எம்மி விருதில் விருந்தினர் நடிகருக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஒரு சீசனின் எபிசோடுகளில் பாதிக்கும் குறைவானவற்றில் தோன்றியவரே அதில் போட்டியிடலாம் என்று 2015இல் விதி செய்தார்கள். தன் சாவும் பிறர் சாவும் முன்கூட்டியே தெரிந்த காப்பீட்டு விற்பனையாளராக 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' எபிசோடில் நடித்த பீட்டர் பாயில் 1996இல் அந்த விருதைப் பெற்றார். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரில் 2023இல் ஒரே எபிசோடில் ஒரு முழு வாழ்நாளையும் நடித்துக் காட்டிய நிக் ஆஃபர்மனுக்கும் அது கிடைத்தது. ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோய் துணை நடிகர் பிரிவில் மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறையும் பெறவில்லை. 1995இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் நிலையத் தலைவரின் மகன் ஜேக் சிஸ்கோவின் முதுமை வேடத்தில், தந்தையை இழந்த மகனின் வாழ்நாள் ஏக்கத்தை நடித்த டோனி டாடுக்கு அந்த நடிப்புக்காக எம்மி கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை. அவர் 2024இல் மறைந்தார்.

மறு ஒளிபரப்பு ஆகும்போதெல்லாம் இவர்களுக்குப் பணம் வருமா?

1974இல் அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, மறு ஒளிபரப்பு நடக்கும் காலம் வரை பங்கு வரும். அதற்கு முந்தைய ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட சில மறு ஒளிபரப்புகளுக்கு மட்டுமே பணம். ஆகவே 1960களில் நடித்தவர்கள், உலகமே தங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த காலத்தில் அதிலிருந்து ஒன்றும் பெறவில்லை.

இந்திய முகங்கள், தமிழ் முகங்கள் உண்டா?

உண்டு, ஆனால் முதலில் ஒரு முரண். 1967இல் 'ஸ்டார் ட்ரெக்'கின் ஓர் எபிசோடில் வந்த கான் நூனியன் சிங் கதைப்படி வட இந்தியர். நடித்த ரிக்கார்டோ மொண்டல்பான் மெக்சிகோவில் பிறந்தவர். ஒரு வார விருந்தினராக வந்த அவருடைய கம்பீரம் மறக்க முடியாததாக இருந்ததால்தான் 1982 திரைப்படத்தில் அதே பாத்திரத்தைத் திரும்ப அழைத்தார்கள். டார்ஜிலிங்கில் பிறந்த பார்சி நடிகர் எரிக் அவாரி பல அறிவியல் புனைவுத் தொடர்களில் துணை வேடங்களில் வந்தவர். 'ஸ்டார்கேட்' திரைப்படத்தில் பாலைவனக் கோள் ஒன்றின் ஊர்த் தலைவர் கசூஃபாக நடித்து, அதன் தொலைக்காட்சித் தொடரிலும் அதே வேடத்தில் தொடர்ந்தார். 2006இல் தொடங்கிய 'ஹீரோஸ்' தொடரில் செந்தில் ராமமூர்த்தி நடித்த மரபியல் அறிஞர் மொகிந்தர் சுரேஷ் சென்னையைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையாக வந்தவரும் அவாரிதான்.

நம் பக்கத்தில், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அதில் எல்லோர் மனத்திலும் நின்றது ஜீனோ என்ற இயந்திர நாய். துணைப் பாத்திரம் கதையைக் கவர்ந்துகொள்வதற்கு இதைவிட அருகிலான சான்று வேண்டியதில்லை.

நான் பார்த்த முகத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

இறுதிப் பெயர்ப் பட்டியலை ஓடவிடுங்கள். இப்போதைய ஓடிடி தளங்கள் பட்டியல் தொடங்கியதுமே அதைச் சிறு கட்டமாக ஒடுக்கி அடுத்த எபிசோடுக்குத் தாவுகின்றன; அமைப்புகளுக்குள் சென்று தானாக அடுத்ததை ஓட்டும் வசதியை அணைத்துவிடலாம். பெயரைக் குறித்துக்கொண்டு ஐஎம்டிபி என்ற திரைத்தகவல் தளத்தில் தேடினால் அவர் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறார் என்பது தெரியும். எங்களிடம் இதற்கென்று நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தில் எபிசோடு, எதிர்ப்பக்கத்தில் நடிகர் பெயர், அவர் செய்த ஏதேனும் ஒரு சிறு செயல். 'கதவை மூடும் முன் திரும்பிப் பார்த்தார்' என்பது போன்ற குறிப்புகள்தான் பின்னாளில் அதிகம் பயன்படுகின்றன.

நடிக்க ஆசைப்படும் நான் இவர்களிடமிருந்து எதைக் கற்கலாம்?

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. முறையான பயிற்சிக்கு முதலில் அங்கே விசாரியுங்கள். அதற்கு முன்பும் பின்பும் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று: ஒரு விருந்தினர் நடிகரின் முதல் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அவர் நுழையும்போது அந்த அறையை எப்படிப் பார்க்கிறார்? முன்பே வந்த இடமாகவா, புது இடமாகவா? எந்தப் பொருளைத் தொடுகிறார்? பிறகு ஒலியோடு பாருங்கள். வசனம் சேர்த்தது எவ்வளவு, உடல் முன்பே சொல்லிவிட்டது எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

முதலில் 'டார்மோக்'. அடுத்து டோனி டாட் நடித்த 'தி விசிட்டர்'; அதைப் பார்க்கும் நாளில் வேறெதுவும் பார்க்க வேண்டாம். பிறகு பீட்டர் பாயிலின் எபிசோடு, ஏனென்றால் மனம் லேசாகும். கபால்டியின் பொம்பெய் எபிசோடைப் பார்த்துவிட்டு, இடையில் சில மாதம் விட்டு, அவர் டாக்டராக வரும் சீசன்களுக்குப் போனால் அந்த முகத்தை மறுபடி சந்திக்கும் மகிழ்ச்சி முழுமையாகக் கிடைக்கும். கராக் வேண்டுமென்றால் பொறுமை வேண்டும், ஏழு சீசன் இருக்கிறது. நாங்கள் இப்போது நான்காவதில் இருக்கிறோம். மே மாதத்தில் வந்தால் மட்டும் சனிக்கிழமைப் படக்காட்சி இருக்காது. அந்த இரவுகளில் நாங்கள் எல்லோரும் மெலட்டூரில் பாயை விரித்து உட்கார்ந்திருப்போம்.